ஐந்துக்குக் குறைந்தவை

அக்கா கை கழுவிவிட்டு வந்து, சோப்பு வாசனை வருகிறதா என்று உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒன்பது மாதமாக இதே கதைதான். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தங்கை வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன் போய் நின்றாள்.

"எவ்ளோ அழகா இருக்குடி, படக்காரி."

படக்காரி என்பது அக்கா வைத்த பெயர். தங்கையின் வேலை அப்படி. தொற்றுநோய் தொடங்கிய முதல் மாதங்களில் உலகமே போட்டி போட்டுக்கொண்டு எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைக் கணினியில் கொட்டி, எந்தச் சொல் எத்தனை கட்டுரையில் வருகிறது என்று எண்ணி, வட்டங்களாகப் படம் போட்டவள் அவள். நுரையீரல் பெரிய வட்டம். காய்ச்சல் அதற்குச் சளைத்ததல்ல. முகக்கவசம் இரண்டுக்கும் நடுவில் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம் சமையலறையோடு சரி. அவள் தொழிலில் ஐந்து சோறாவது வேண்டும். ஐந்து கட்டுரையிலாவது தலைகாட்டாத சொல் படத்தில் ஏறாது. அந்த ஐந்தை யாரும் கட்டளையிடவில்லை. முந்தைய வேலையில் வைத்த எண், மாற்றத் தோன்றவில்லை. அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது. நோய் பரவத் தொடங்கிய மூன்றாம் மாதம் ஒரு காலையில் அவள் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். "ஏண்டி, ரெண்டு நாளா எந்த வாசனையும் தெரியல. காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. இதுவும் அந்த நோய்ல சேர்த்தியா? வேலைக்குப் போலாமா வேண்டாமா? உன் படத்துல பாத்துச் சொல்லேன்."

தங்கைக்கு அலுவலகக் கூட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது. படம் திரையில் திறந்தே கிடந்தது. ஒருமுறை கண்ணை ஓட்டினாள்.

"அப்படி எதுவும் இல்லக்கா. உலகத்துலயே யாரும் எழுதல. சும்மா ஜலதோஷமா இருக்கும், போயிட்டு வா."

உலகத்துலயே என்று சொன்னபோது வாயில் ஊறிய பெருமையை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது சூடாகிவிடும். அக்கா நான்கு நாள் வேலைக்குப் போனாள். அதற்கடுத்த வாரம் இல்லத்தில் காய்ச்சல் நுழைந்தது. இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவர் பழைய தையல்காரர். அக்கா ஊட்டினால்தான் வாய் திறப்பார்.

அடுத்த மாதப் படத்தில் வாசனை இழப்பு என்று ஒரு வட்டம் முளைத்து, அதற்கடுத்த மாதம் ஊதிப் பெருத்தது. அப்போதுதான் தங்கை பழைய கட்டுரைக் குவியலைக் கிளறினாள். மருத்துவர்கள் எழுதிய அரைப் பக்கக் கடிதங்கள் மூன்று இருந்தன. மூன்றும் அக்கா கூப்பிட்ட நாளுக்கு முன்பே வந்தவை. மூன்று ஐந்தாகாதே, அதனால் படத்தில் ஏறவில்லை. அவள் அந்தக் குவியலை அப்படியே மூடினாள், யாரிடமும் சொல்லவில்லை. வாசனை ஏறாத அந்த மூன்றாம் மாதப் படத்துக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தபோது கூசிக் குறுகி நின்றாள். நிறுவன இயக்குநர் அதை அடக்கம் என்று நினைத்து இன்னும் இரண்டு வார்த்தை கூட்டிப் புகழ்ந்தார். அன்று கொடுத்ததுதான் சுவரில் தொங்குகிறது.

"இதுல ஒரு பிரதி வேணும்டி," என்றாள் அக்கா. "எங்க மேலாளரம்மா கேட்டாங்க. கூடத்துல மாட்டணுமாம். தையல்காரர் நாற்காலி இருந்துச்சே, அதுக்கு மேல வெத்துச் சுவரா கெடக்கு. என் தங்கச்சி போட்டதுன்னு சொல்லிக்குவேன்ல?"

அக்கா கைத்துண்டாலேயே படச் சட்டத்தின் தூசியைத் துடைத்தாள்.

"ஒண்ணு சொல்லட்டா? அந்த மனுஷன் நெனப்பு வர்றப்ப எல்லாம், அன்னிக்கு நீ சொன்னதத்தான் நெனச்சுக்குவேன். உலகத்துலயே யாருக்கும் தெரியாதப்ப எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அந்த ஒரு வார்த்தையாலதான் தூக்கமே வருது."

சொன்னால் அக்காவின் தூக்கம் போகும். சொல்லாவிட்டால் அந்தப் படம் அந்த நாற்காலிக்கு மேலே தொங்கும். தங்கை கணினியில் அதே படத்தைத் திறந்து, ஐந்து என்ற இடத்தில் ஒன்று என்று போட்டாள்.

மூட்டை பிரிந்து கடுகு சிந்தியதுபோல் திரை முழுக்கப் புள்ளிகள் கொட்டின.

"ஐயையோ, அழகே போச்சேடி," என்றாள் அக்கா. பிறகு குனிந்து, "இந்த ஓரத்துல என்ன, தனியா ஒண்ணு?"

"வாசனைக்கா."

"யார் எழுதினது?"

"மூணு பேரு."

"எப்போ?"

தங்கை புள்ளியை அழுத்தினாள். முதல் கடிதம் திறந்தது. அக்கா பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேலே இருந்த தேதியில் விரல் வைத்தாள். உதடுகள் அசைந்தன; நாள்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்தும் விரலை எடுக்கவில்லை. இன்னொரு கை தானாக மேலே போனது. உள்ளங்கையை மூக்கின் மேல் வைத்து அழுத்தி, மூச்சை ஒருமுறை ஆழமாக இழுத்தாள், அப்புறம் இன்னொருமுறை.