இருபத்தேழு தடவை மொசைக் தரை

ஹாலித் கால்பந்தில் கோல் போடுகிறவன் இல்லை, போட விடாமல் தடுக்கிறவன். இந்தப் பிழைப்பில் ஒரு சங்கடம் உண்டு. கோல் போட்டவனை ஊரே தோளில் தூக்கிக்கொண்டு ஆடும். தடுத்தவனை ஏனென்று கேட்க ஆள் இருக்காது. "எத்தனை கோல் தம்பி?" என்று பெரிய கடை வீதியில் விசாரிப்பவர்களிடம், ஓமனில் ஆறு வருஷம் ஆடிவிட்டு "ஒண்ணும் இல்லைங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்ல அவன் பழகியிருந்தான். அவன் அம்மா சாரா பீவிக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அந்த ஓமன் கிளப்பையே மூடிவிட்டார்கள். ஹாலித்துக்கு முப்பத்திரண்டு வயது. பஹ்ரைனில் ஒரே ஒரு கிளப் அவனைத் திரும்பிப் பார்த்தது. அதன் கோச் எகிப்துக்காரர். ஒரு முழு ஆட்டத்தின் வீடியோ வேண்டும், வெட்டாமல் ஒட்டாமல் தொண்ணூறு நிமிஷமும் வேண்டும், வெள்ளிக்கிழமை பதில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தார். அது கைகூடாவிட்டால், சவூதியில் தம்மாமில் மாமு அப்துல் அஹத் பார்த்து வைத்திருக்கும் குடோன் வேலைதான். "மாமுகிட்ட சரின்னு சொல்லிடுவேம்மா" என்று சொன்னபோது ஹாலித்தின் குரலில் உயிரே இல்லை.

கிளப்போடு அதன் இணையப் பக்கமும் போய்விட்டது, அதிலிருந்த ஆட்டங்களும் போயின.

"அதுக்கென்ன, எல்லா மேட்சும் எங்கிட்ட இருக்கே!" என்று சாரா பீவி தன் போனை நீட்டினாள்.

பொய்யில்லை. ஆட்டம் நடக்கும்போது மகள் சம்ரீன் அதை டிவியில் போட்டுவிடுவாள். கடையில் மாட்டிக்கொண்டிருக்கும் கணவர் தாஜுதீன் மறுநாள் பார்க்கட்டும் என்று சாரா பீவி அந்த டிவியைப் போனில் படம் பிடிப்பாள். போனை எங்காவது சாய்த்து வையேன் என்றால் கேட்க மாட்டாள். பிள்ளை அங்கே ஓடி ஓடி ஆடும்போது இவள் சும்மா உட்கார்ந்திருப்பதா?

ஸ்ரீரங்கத்தில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ரெங்கராஜ், ஹாலித்தோடு காலேஜ் டீமில் ஆடியவன். அம்மாவும் மகனும் பஸ் ஏறி அவனிடம் போனார்கள். பெரிய திரையில் ஆட்டம் ஓடியது. எதிரணி பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஹாலித் முன்னே பாய்ந்தான். சட்டென்று படம் புரண்டு, திரை முழுக்க மொசைக் தரை. "யா அல்லா, எம்புள்ளைய காப்பாத்து!" என்று சாரா பீவியின் குரல். அதற்கும் மேலே, டிவியிலிருந்து யாரோ அரபியில் கத்தும் சத்தம். மறுபடி மைதானம் தெரிந்தபோது பந்து எங்கோ போயிருந்தது. ஹாலித் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான்.

பயம் வந்தால் கண்ணை மூடி துஆவுக்குக் கையேந்திவிடுவது அவள் வழக்கம். கை ஏந்தினால் கையிலிருக்கும் போன் தரையைத்தானே பார்க்கும்? இத்தனை வருஷமும் இது அவளுக்குத் தெரியாது.

"இருபத்தேழு தடவைம்மா" என்றான் ரெங்கராஜ் எண்ணி முடித்து. "ஆனா நல்ல மொசைக்."

மற்ற ஆட்டங்களும் அதே லட்சணம்தான். சாரா பீவிக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்புள்ள பொழப்ப நானே கெடுத்துட்டேனே! தம்பி, தரையை மட்டும் வெட்டி எடுத்துடுப்பா."

"எடுத்தா, இவன் ஒன்றரை மணி நேரம் பூங்காவுல உலாத்தின மாதிரி இருக்கும்மா."

ஹாலித்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவர் வெட்டாமத்தானே கேட்டாரு. அப்படியே அனுப்புடா."

வீட்டுக்கு வந்ததும் சாரா பீவி கணவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, ஒவ்வொரு மேட்சும் பார்த்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

தாஜுதீன் தலையைச் சொறிந்தார். "பந்து கிட்ட வந்தா எனக்கும் படபடன்னு வரும். தரை வந்ததும் நிம்மதியா டீ குடிப்பேன்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஹாலித் வீடு திரும்பியதும் கோச் வீடியோ காலில் வந்தார். அவர் அரபியில் பேசப் பேச, ஹாலித்தின் முகம் மாறியது. சாரா பீவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"முதல்ல கோபம் வந்துச்சாம்மா. நாலஞ்சு தடவை தரையைப் பார்த்தப்புறம் வேற வழியில்லாம காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்தாராம். ஸ்டேடியத்துல ஆளே இல்லையே, நான் கத்தினது அத்தனையும் கேட்டுச்சாம்."

யமீன், ஷிமால் என்று அவன் கத்தியிருந்தான். மதரஸாவில் படித்த வலதும் இடதும்தான். பந்து வருவதற்கு முன்பே எவன் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தான்.

"காலால தடுக்கறவன் நிறையப் பேர் இருக்கானாம். முன்கூட்டியே கண்டுபிடிச்சு மத்தவங்களையும் நிறுத்தறவன்தான் கிடைக்க மாட்டேங்கறானாம். படம் ஒழுங்கா தெரிஞ்சிருந்தா பந்தைத்தான் பார்த்திருப்பேன், உன்னைத் தவற விட்டிருப்பேன்கறாரு. ரெண்டு வருஷம் ஒப்பந்தம்மா!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று சாரா பீவி மகனைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷம் கொஞ்சம் தணிந்ததும், "எம்புள்ள அவ்வளவு நல்லா ஆடுவானா?" என்று கேட்டாள். அவன் பந்தைத் தடுத்ததை அவள் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

பஹ்ரைனில் அவனுடைய முதல் ஆட்டத்துக்கு ரெங்கராஜ் ஒரு ஸ்டாண்ட் கொடுத்தனுப்பினான். போன் ஆடாமல் அசையாமல் டிவியைப் பார்த்து நின்றது. கை இரண்டும் காலியாக இருந்தது சாரா பீவிக்கு. எதிரணி பந்தோடு வந்தது. கண்ணை இறுக்கி மூடிக் கையேந்திவிட்டாள்.

"யமீன்! யமீன்!" என்று டிவியிலிருந்து மகனின் குரல் வந்தது. அதில் பயமே இல்லை.

சாரா பீவி ஏந்திய கையோடு கண்ணைத் திறந்து, தன் பிள்ளை பந்தைத் தடுப்பதை முதல் தடவையாகப் பார்த்தாள்.