இடது உதட்டோரம்

...இல்லை, வெளிச்சத்தின் கோளாறு, மேலே தொங்கும் விளக்கு லேசாக நகர்ந்திருக்கும், அதனால்தான் அவருடைய இடது உதட்டோரம் நிழல் விழுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன், பதினெட்டு வருஷமாக இந்தக் கேமராவுக்குள் முகங்களைப் பார்த்துப் பார்த்து... ஒப்புக்குச் சிரிக்கிறவர் யார், அழப்போகிறவர் எப்போது எச்சில் விழுங்குவார், எல்லாம் எனக்கு அத்துப்படி, ஆனால் இது என்ன? தேனீ வளர்க்கிறவர், அறுபது வயசிருக்கும், காலை நேரலைக்கு விருந்தாளி, ஆரம்பிப்பதற்கு முன்னால் என் பக்கம் வந்து, "இதுல நான் குண்டாத் தெரிவேனாம்மா?" என்று கேட்டாரே, "இருக்கறதவிடக் கொஞ்சம்தான் சார் கூட்டும்" என்றேன், முன்வரிசையில் இருந்த அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார், அதே மனுஷர் இப்போது ராணித்தேனீயைப் பற்றிச் சொல்கிறார், "ராணி" என்கிற சொல் வாயில் குழைகிறது, "லாணி"... கேள்வி கேட்கிற பெண்ணுக்குக் கேட்கவில்லையா? அவள் கண் அடுத்த கேள்வி எழுதிய அட்டையில் இருக்கிறது. "மூணு, அப்படியே இரு, அழகா இருக்கு" என்று காதில் இயக்குநர், மாடி அறையிலிருந்து, மூணு என்றால் நான்தான், என் கேமராவின் எண்தான் இங்கே என் பெயர். அழகாகவா இருக்கிறது? பெருவிரல் ஜூமை அழுத்தியது, உள்ளே போனேன், முகம் திரையை நிறைத்தது, வலது பாதி சிரிக்கிறது, இடது பாதி சும்மா இருக்கிறது...

நேரலையில் கேமராக்காரி வாயைத் திறக்கக் கூடாது, தும்மலைக்கூட விழுங்கப் பழகியவள் நான், போன வருஷம் ஒருத்தருக்கு இருமியதற்கே வேலை போயிற்று... "அவருக்கு என்னமோ ஆகுது! வாய் கோணுது, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க!" என்று கத்தியது என் குரல்தானா? அரங்கமே திரும்பிப் பார்த்தது, "மூணு, உனக்குப் பைத்தியமா?" என்றார் இயக்குநர், அதற்குள் தேனீக்காரர் நாற்காலியில் ஒருபக்கமாகச் சரிய, மனைவி மேடைக்கு ஓடிவர, சட்டென்று விளம்பரம் போட்டார்கள்.

மத்தியானம் அந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார், மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பாம், நேரத்தோடு கொண்டுவந்ததால் பிழைத்தாராம், பேச்சு மெல்ல மெல்ல வருமாம், "பக்கத்துல இருந்த எனக்குத் தெரியலையேம்மா, உனக்குத் தெரிஞ்சுதே" என்று அழுதார், நானும் அழுதேன், போனை வைக்கவே மனசு வரவில்லை. இயக்குநர் இறங்கிவந்து, "காலையில திட்டினதை மனசுல வெச்சுக்காதே, ஒரு உசிரைக் காப்பாத்திட்டே" என்றார், கண்கூடக் கலங்கியிருந்தது, நல்ல மனுஷர்தான், போகிற போக்கில் திரும்பி, "கத்தறதுக்கு முன்னாடி ஜூம்ல உள்ள போனியே, அடடா, என்ன ஷாட்!" என்றார்... சரியாகப் பார்க்கத்தானே போனேன்? வேறெதற்கு? ஆனால் போய், அவர் கண்ணுக்கு ஃபோகஸைச் சரிசெய்து, முகத்தைத் திரையின் நடுவில் அழகாக நிறுத்தி, அதற்கப்புறம் அல்லவா வாயைத் திறந்தேன்... எத்தனை விநாடி இருக்கும், இரண்டா, எட்டா? பதிவைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், மாடியில்தான் இருக்கிறது, முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டு நிற்கிறேன்.