கவாத்துப் படாத செடி

பந்தலூரில் பஸ் ஏறியதிலிருந்து ஊட்டி ஆஸ்பத்திரி வரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடி ராஜகுமாரி நானே வாயை மூடிக்கொண்டு வந்தால் புருஷனாவது ஏனென்று கேட்க வேண்டாமா? பாலு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எங்கள் மகள் தாரிணிக்கு ஆறு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. போன வருஷம் அவள் ரத்தத்தை எடுத்துப்போய், ஆராய்ச்சிக்கூடத்தில் அதிலிருந்தே மூளை நரம்புகளை வளர்த்து, முப்பரிமாணப் படம் எடுத்திருந்தார்கள். படத்தில் எல்லாம் தெரியும் என்றார்கள். அந்த 'எல்லாம்'தான் எனக்குப் பயம். அவள் என் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது, காய்ச்சலில் கிடந்த பாலுவுக்குப் பதிலாக நான் டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு எஸ்டேட்டில் களைமருந்து அடித்தேன். ஒரே ஒரு நாள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசியதே இல்லை.

டாக்டர் கெஸியா கம்ப்யூட்டரில் தாரிணியுடையதும் இன்னொரு குழந்தையுடையதுமாக இரண்டு நரம்புகளைச் சுழற்றிக் காட்டினார். ஒன்று அளவாகக் கிளைத்திருந்தது. மற்றதில் கிளைக்குக் கிளை பொடிப்பொடியாக முளைகள், அடர்த்தியோ அடர்த்தி.

"இந்தச் செழிப்பா இருக்கிறதுதானே எங்க புள்ளயோடது?" என்று முந்திக்கொண்டேன். மருந்து பட்டிருந்தால் கருகியல்லவா இருக்கும்!

"அதேதாங்க. ஆனா இவ்வளவு இருக்கக் கூடாது. வளர வளர வேண்டாதது கழியணும். தாரிணிக்குக் கழியலை."

அட கடவுளே! கிளை கழித்துக் கவாத்து வெட்டாத தேயிலைச் செடி. பார்க்கப் பச்சைக்காடு, பறிக்கப் போனால் கொழுந்து இருக்காது. பதினைந்து வருஷம் கொழுந்து பறித்தவளுக்கு இது தெரியாமல் போயிற்றே.

"யாரு வெட்டியிருக்கணும் டாக்டர்? நானா?" என்றேன். மருந்தடித்த கதையை அப்படியே கொட்டிவிட்டேன்.

"அதனால இல்லீங்கம்மா. கரு உண்டானப்பவே ஜீன்ல ஒரு சின்ன மாற்றம். நீங்க டேங்கைத் தொடுறதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே. யார் மேலயும் தப்பில்லை."

"பேசுவாளா?"

"அதை இந்தப் படம் சொல்லாதுங்க. பேச்சுப் பயிற்சியை விட்டுடாதீங்க."

பாலு எழுந்து நின்றுவிட்டார். ஆறு வருஷமாக என் முகத்தை நேராகப் பார்க்காத மனிதர், டாக்டரிடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கு இவளை அனுப்பினது நான்தாங்க. அப்ப எம்மேலயும் தப்பில்லீங்களா?"

அட மனுசா, நீயும் இதைத்தான் சுமந்தாயா என்று திட்ட வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.