மூன்று மாதம் கழித்து

தோழியின் நாவல் போனில் படிக்கிற மின்னூலாக என்றைக்கு வரவேண்டும் என்று தேதி குறித்தது அவள்தான். பதிப்பகத்தில் எந்தப் புத்தகம் என்றைக்கு வரும் என்று முடிவுசெய்யும் வேலை பத்து வருடமாக அவளுடையது. எல்லாவற்றுக்கும் அச்சும் மின்னூலும் ஒரே நாளில் வரும். இதற்கு மட்டும் மின்னூலை மூன்று மாதம் தள்ளிப்போட்டாள்.

"உடனே போன்ல கிடைச்சா அச்சுப் புத்தகத்தை யாரு சார் வாங்குவாங்க?" என்று முதலாளியிடம் சொன்னாள். அவரும் சரியென்றார். உண்மையில் அது வயிற்றெரிச்சல். இருவரும் ஒன்றாக எழுத ஆரம்பித்தவர்கள். அவளுடைய நாவல் போன வருடம் வந்த சுவடு தெரியாமல் போனது. தோழியுடையதற்கோ வருவதற்கு முன்பே பேச்சு. போனில் படிக்கிறவர்கள், கிடைக்காவிட்டால் வேறொன்றுக்குத் தாவிவிடுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

நினைத்தபடியே நடந்தது. முதல் வாரம் "மின்னூல் எப்போது?" என்று அறுபது பேர் எழுதிக் கேட்டார்கள். இரண்டாம் மாதம் மூன்றே பேர். அச்சுப் பிரதியும் சுமாராகத்தான் போனது. மறக்காத ஆள் ஒருவர் வீட்டிலேயே இருந்தார். பார்வை மங்கியதிலிருந்து அவள் கணவர் போனில் எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிப்பார். "உன் ஃப்ரெண்டு புக்கு வந்துடுச்சா?" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டார். அதே போனில் அவளுடைய நாவல் பன்னிரண்டு சதவீதம் படித்த இடத்திலேயே ஒரு வருடமாக நின்றுகிடந்தது.

ஞாயிறு காலை வெளியே போய்வந்தவர் கையில் அந்தப் புத்தகம். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு, பூதக்கண்ணாடியை வரிவரியாக நகர்த்திப் படித்தார். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணு என்னத்துக்கு ஆகும்? அடுத்த மாசம் போன்லயே வந்துடுமே."

"அதுவரைக்கும் யாரு காத்துக்கிட்டு இருக்கிறது?" கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை நீட்டினார். "இங்கேருந்து நீ கொஞ்சம் படியேன்."

கடமைக்கு வேகமாகப் படிக்க ஆரம்பித்தாள். நாலாவது வரியில் வேகம் தானாகக் குறைந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், பாவி. அவர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். மனைவி எழுதிய எதையும் அவர் இப்படிக் கேட்டதே இல்லை. பக்கம் முடிந்தது.

"ஏன் நிறுத்திட்ட?"

அவர் மடியில் கிடந்த பூதக்கண்ணாடிக்குள் சட்டைப் பொத்தான் ஒன்று பெரிதாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு அவள் பக்கத்தைத் திருப்பினாள்.