தம்பியின் கிண்ணம்

"ஒரு வாய்தானே? உதட்டுல பட்டும் படாம நனைச்சுட்டு வந்துடு. யாருக்குத் தெரியப் போகுது?"

அம்மா இதை மூத்தவளின் காதோரம் சொன்னாள், அவள் கொண்டையில் ஊசி குத்திக்கொண்டே. ஊசி கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கியது. கண்ணாடி முன் நின்ற சின்னவள் காது கேட்காதவள்போலப் பவுடர் பூசிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கத்தான் இன்று மாப்பிள்ளை வீட்டார் கோயிலுக்கு வருகிறார்கள். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வந்து சம்மதம் சொல்வதாகப் பேச்சு.

"எனக்கு ஒரு சொட்டுகூட ஆகாதும்மா. டாக்டர் உன்கிட்டதானே சொன்னாரு."

"டாக்டருக்கு என்ன? அவர் வீட்லயா கல்யாணம்?"

"தம்பிக்குத் தனிக் கிண்ணத்துல பழச்சாறு வருதில்ல. அதுலயே எனக்கும் ஒரு வாய் குடுக்கச் சொல்லேன்."

"அவன் ஆம்பளை" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அதற்குமேல் அந்த வீட்டில் எந்த வாதமும் நிற்காது.

அந்தச் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பாத்திரத்தில் இருப்பது பழச்சாறு அல்ல, புளித்த நிஜத் திராட்சரசம். பெரியவர்கள் எல்லோரும் முன்னால் போய் மண்டியிட்டு அப்பமும் ரசமும் வாங்க வேண்டும். போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், என்ன பாவத்தை மறைக்கிறாளோ என்று கழுத்துகள் திரும்பும். அதனால் கொஞ்ச காலமாக முதல் ஞாயிறு வந்தாலே மூத்தவளுக்குத் தலைவலி என்று அம்மா சொல்லி வந்தாள். சம்பந்தம் பேசுகிற நாளில் தலைவலி செல்லாது.

தம்பி கதை ஊரறிந்தது. குடித்துச் சாக்கடையில் விழுந்து, அச்சக வேலையைத் தொலைத்து, அம்மாவைக் கைநீட்டி அடித்து, எல்லாம் ஆன பிறகு ஒருநாள் உபவாச ஜெபத்தில் அழுது எழுந்தான். சபையே தாங்கிக்கொண்டது. மூப்பர் ஒருவர் பேசி அச்சகத்தில் மறுபடி சேர்த்துவிட்டார். ஒருவர் சைக்கிள் கொடுத்தார். "நம்ம தம்பி இடறிடக் கூடாது" என்று சொல்லி, போதகர் ஐயாவே அவனுக்கென்று சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் பழச்சாறு ஊற்றி எல்லோர் முன்னாலும் கொடுத்தார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சபை செய்ய வேண்டிய காரியம் அதுதான்.

மூத்தவள் கதைதான் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது.

புருஷன் இறந்தபின் அவள் பிறந்த வீட்டுக்கு வந்தாள். பகல் முழுக்கத் தையல் கூடத்தில் சட்டைக் காலர் தைப்பாள். மாலையில் வீட்டில் அவளுக்கென்று ஒரு வேலை இருந்தது: தம்பி கொண்டுவரும் பாட்டில்களைத் தெருவுக்குத் தெரியாமல் ஒளிப்பது. துணிக்கூடைக்குள், கட்டிலுக்கடியில், அடுப்புக்குப் பின்னால். ஒருநாள் முதுகுவலி தாங்காமல், ஒளிக்கப் போன பாட்டிலில் ஒரு மடக்கு விழுங்கினாள். வலி அடங்கியது. அப்புறம் வலி இல்லாத நாளிலும் அந்த மடக்கு தேவைப்பட்டது. ஒளிக்கச் சொல்லிக்கொடுத்த வீடுதான் ஒளிந்து குடிக்கவும் சொல்லிக்கொடுத்தது.

வீட்டில் தெரிந்தபோது தம்பியைப் போல அவளை யாரும் ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போகவில்லை. உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டார்கள். கேட்டவர்களுக்குக் காய்ச்சல் என்றார்கள்.

கண்டுபிடித்தது தெருக்கோடியில் சலவைக்கடை வைத்திருந்த லாண்டரியம்மா. ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவள், "காய்ச்சலுக்கு இப்படிக் கை நடுங்காது. என் வீட்டுக்காரருக்கு நடுங்கின நடுக்கம் இது. அவரைத்தான் மண்ணுக்குக் குடுத்துட்டேன், இவளைக் குடுக்க மாட்டேன்" என்று கதவைத் திறக்கவைத்தாள். டாக்டரிடம் இழுத்துப் போனாள். அம்மாவையும் கூடவே இழுத்துப் போனாள். உடம்பு தேறியதும் கடையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை கொடுத்தாள்.

காலையில் கடை திறந்ததும் ஈர விரிப்புக் குவியல்மேல் கை வைத்து இருவரும் ஜெபிப்பார்கள். ஜெபம் குட்டையானது. "ஆண்டவரே, இன்னைக்கு ஒருநாள் இவளைப் பிடிச்சுக்கொள்ளும். நாளைக்கு மறுபடி கேக்கறோம்." பிறகு லாண்டரியம்மா சொல்வாள்: "சரி, ஆண்டவர் உன்னைப் பிடிச்சுக்கிட்டாரு. நீ விரிப்போட அந்த முனையைப் பிடி." சாயங்காலம் மதுக்கடையைத் தாண்டிக் கூடவே நடந்து வந்து, வாய் ஓயாமல் பேசி, வீட்டு வாசலில் விட்டுப் போவாள். அப்படியே நாட்கள் மாதங்களாகின. மூத்தவள் கை நடுக்கம் நின்றது.

அவளுக்கும் பழச்சாறு கொடுக்கச் சொல்லி லாண்டரியம்மா போதகரிடம் போய்க் கேட்டாள். அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, நல்ல மனதோடுதான் சொன்னார்: "பொம்பளைப் பிள்ளைம்மா. தனியாக் குடுத்தா ஏன்னு கேப்பாங்க. கர்த்தர் அந்தரங்கத்துல பார்க்கிறவர்."

மாப்பிள்ளை வீட்டார் வந்த அந்த ஞாயிறு, திருவிருந்துக்கு முன் தம்பி சாட்சி சொன்னான். விழுந்த சாக்கடையைச் சொன்னான், அம்மாவை அடித்ததைச் சொன்னான், தேம்பினான். பாட்டிலை யார் ஒளித்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. சபை "ஸ்தோத்திரம்" என்று முழங்கியது. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"இப்படி ஒரு சாட்சி உள்ள வீட்ல பொண்ணெடுக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்."

அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

வரிசையாக மண்டியிட்டார்கள். அம்மா, சின்னவள், தம்பி, மூத்தவள். அவளுக்கு மறுபக்கம் மாப்பிள்ளையின் அம்மா. அப்பம் வந்தது, மூத்தவள் வாங்கிக்கொண்டாள். தம்பி கையில் கண்ணாடிக் கிண்ணம் வந்தது. பாதி குடித்தான். அடுத்து வெள்ளிப் பாத்திரம் அவள் முகத்துக்கு நேராக வந்தது.

வாசனை மூக்கில் ஏறியதும் அவள் வாய் ஊறியது. ஆண்டவர் சன்னிதியில், மண்டியிட்ட இடத்தில், நாக்கு தவித்தது. அவள் பட்ட வெட்கத்தைச் சொல்லி மாளாது. ஒரு வாய் உள்ளே போனால் ஆராதனை முடிந்ததும் கால் எந்தக் கடைக்கு நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இன்னைக்கு ஒருநாள், ஆண்டவரே.

பாத்திரத்தின் விளிம்பைக் கையால் மூடினாள்.

"எனக்கும் தம்பியோட கிண்ணத்துல குடுங்க ஐயா."

போதகர் குனிந்தார். "சும்மா உதட்டுல வைம்மா" என்று கிசுகிசுத்தார்.

"வச்சா நிறுத்த முடியாதுங்கய்யா. நானும் குடிச்சுக்கிட்டு இருந்தவதான்."

அவள் கத்தவில்லை. ஆனால் பாட்டு நின்றிருந்த நேரம். நாலாவது பெஞ்சுவரை கேட்டது. யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

தம்பியின் கையில் பாதிக் கிண்ணம் இருந்தது. அவன் கையை இந்தப் பக்கம் கொஞ்சம் நீட்டினால் போதும், தீர்ந்தது. அக்காவைப் பார்த்தான். மிச்சத்தையும் மடக்கென்று தானே குடித்துவிட்டு, காலிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தான். போதகர் அடுத்த வாய்க்கு நகர்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா வாய் இறுக மூடியிருந்தது.

கோயில் வாசலில் மாப்பிள்ளையின் அம்மா வெகு மரியாதையாகப் பேசினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. பையன் குடிச்சுத் திருந்தினா அது சாட்சி. பொம்பளை குடிச்ச வீடுன்னா… நாளைக்கு எங்க சொந்தக்காரங்க கேட்டா நாங்க என்னத்தைச் சொல்றது?" வீட்டுக்கு வராமலே வண்டி ஏறிப் போய்விட்டார்கள்.

லாண்டரியம்மா மட்டும் மூத்தவளின் தோளைப் பிடித்தாள். "நாளைக்கு வேலைக்கு வந்துடு. அதுக்கு முன்னாடி வரணும்னாலும் வா. கடைக்குப் பின்னால கட்டில் கிடக்கு."

வீட்டில் விருந்தாளிகளுக்கு எடுத்து வைத்த கோப்பைகள் கவிழ்த்தபடியே இருந்தன. சின்னவள் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். "உனக்கு வாழ்க்கை போச்சு, சரி. எனக்கு ஏன்க்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.  மூத்தவள் கதவோரம் உட்கார்ந்து அழுதாள். தங்கை கேட்டதும் நியாயம்தானே.

அம்மா அழவில்லை. கோப்பைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கிவிட்டு வந்து நின்றாள்.

"நீ குடிச்சுட்டுக் கெடந்தப்போகூட நம்ம மானம் இப்படிப் போகலடி."

சாயங்காலம் வெயில் இருக்கும்போதே தம்பி வந்தான். கதவு நிலையில் தோள் இடித்தது. உட்கார வைக்கும் முன்பே கூடமெல்லாம் நாறியது. அம்மா அலறுவாள் என்று மூத்தவள் நினைத்தாள். அம்மா ஈரத்துண்டு கொண்டுவந்து அவன் முகத்தைத் துடைத்தாள்.

"பாவம், புள்ளை மனசு உடைஞ்சு போயிட்டான். எல்லாம் இவளால வந்த வினை. ஐயாவுக்குப் போன் போட்டுட்டேன்டா, இப்போ ஜெபம் பண்ண வந்துடுவாரு."

"அம்மா, நான்…" என்று தம்பி குழறினான்.

"நீ பேசாத ராசா. கர்த்தர் உன்னைக் கைவிட மாட்டாரு."

சொல்லிக்கொண்டே அவன் இடுப்பிலிருந்து பாதி பாட்டிலை உருவினாள். உருவிய கை யோசிக்கவே இல்லை. பழைய பழக்கத்தில் நேராக மூத்தவளிடம் நீட்டியது.

"இந்தா. ஐயா வர்றதுக்குள்ள எங்கயாவது ஒளிச்சு வை."

மூத்தவள் வாங்கிக்கொண்டாள். மூடி தளர்வாக இருந்தது. துணிக்கூடை அங்கேயேதான் இருந்தது, கட்டில் அங்கேயேதான் இருந்தது. வீட்டில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒரு மடக்கு குடித்திருந்தாலும் இன்று அவளை ஏனென்று கேட்க ஆளில்லை. கட்டைவிரல் மூடியைத் தேடிப் போனது.

"இன்னைக்கு ஒருநாள்" என்றாள் வாய்க்குள்.

"என்னடி முனகற? சீக்கிரம்!"

அவள் கொடியில் கிடந்த மாற்றுத்துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கூடத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். படிக்கட்டின் நட்டநடுவில், தெருவில் போகிற எவர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, பாட்டிலை நிறுத்தி வைத்தாள்.

"ஒளிக்கிறதையும் விட்டுட்டேன்மா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, சலவைக்கடை இருக்கும் திசையில் நடந்தாள். நடுவில் மதுக்கடை இருந்தது. கூட நடக்க இன்று யாரும் இல்லை.

அம்மா பதறியடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். குனிந்து பாட்டிலை எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பார்த்தவர்கள் யாரும் இல்லை என்று உறுதியானதும், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.