எட்டு நிமிடப் பாட்டு பத்தே முக்கால் நிமிடம் ஓடிய கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் நாற்காலியில் கிடைத்தது. வாய் நிறையப் பஞ்சு, தலைக்கு மேல் விளக்கு, வெளியே காத்திருப்போர் அறையில் ரேடியோ. எண்பதுகளின் பாப் பாட்டு ஒன்றை நடனத்துக்காக நீட்டிய ரீமிக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. டும் டும் என்று மேளம் அடித்ததே தவிர, பாடகி வருகிற வழியைக் காணோம். இதோ வருவாள், இப்போது வருவாள் என்று காத்திருந்ததில் என் கடைவாய்ப்பல் போனதே தெரியவில்லை.

அந்த ரீமிக்ஸ்காரர்களின் தொழில் எனக்குப் பிடித்துப்போனது. மூன்றரை நிமிடப் பாட்டை எடுத்துக்கொள்வார்கள். முன்னால் இரண்டு நிமிடம் மேளத்தை மட்டும் விடுவார்கள். நடுவில் பாடகியை வெளியே அனுப்பிவிடுவார்கள். கடைசியில் திரும்பக் கூப்பிட்டு ஒரே வரியைப் பதினாறு முறை சொல்ல வைப்பார்கள். எட்டு நிமிடம் ஆகிவிடும். என்னிடம் இருப்பதும் மூன்று வரிக் கதைதான். பத்திரிகை ஆசிரியரோ மூன்று பக்கம் கேட்கிறார்.

2

அன்று மதியம் வானம் மப்பும் மந்தாரமுமாக—

(வேண்டாம். கதாநாயகர் வேலை செய்யும் அறைக்கு ஜன்னலே கிடையாது.)

அவர் வானொலி அறிவிப்பாளர். வயது ஐம்பத்திரண்டு. நான்காவது மாடியில் தினமும் இரண்டு முதல் நான்கு மணி வரை, எண்பதுகளின் நீட்டிய பாட்டுகளைப் பழைய பெரிய இசைத்தட்டுகளிலிருந்தே ஒலிபரப்புவார். அலுவலகத்தில் அவருக்கு ‘எட்டு நிமிஷம்’ என்று பெயர். மைக் முன்னால் உட்கார்ந்தால் மடை திறந்தாற்போல் பேசுவார். மைக்கை அணைத்துவிட்டால், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்போல் இருப்பார்.

முதல் மாடியில் பல் டாக்டர். நாற்பத்தெட்டு வயது, இவரைப் போலவே தனியாள். ஆறு மாதமாக அறிவிப்பாளருக்கு வாரம் தவறாமல் பல்வலி.*

* பற்கள் அனைத்தும் நலம். நானே எண்ணிப் பார்த்தேன்.

3

முதல் வரைவில் அறிவிப்பாளருக்கு வயது இருபத்தெட்டு. அந்த வயதுக்காரன் கைபேசியில் ஒரு வரி தட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவான், எனக்குக் கதை இருக்காது. அதனால் இருபத்துநான்கு வருடத்தைக் கூட்டினேன். ஒரு மனிதனுக்கு இப்படிச் செய்வது பாவம்தான். என்ன செய்வது, எழுத்தாளன் பிழைப்பு அப்படி.

இப்போது கதையின் முடிச்சு. டாக்டர், தன் தம்பி இருக்கும் ஊருக்கே குடிபோகிறார். சாமான் ஏற்ற இன்று மூன்றரைக்கு வேன் வருகிறது. நிகழ்ச்சி முடிவதோ நான்கு மணிக்கு. ஒலிபரப்பின்போது அறையை விட்டு வெளியேறக் கூடாது என்பது நிலையத்தின் விதி. ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர் அவர். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

நேற்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். “நேத்து பல்லு சுத்தம் பண்ணாங்க. வாய்க்குள்ள குழாய் இருந்துச்சு” என்றார்.

4

மூன்று மணி. ஒரு பாட்டு முடிந்தது. அடுத்த தட்டை வைத்தார், முள்ளை இறக்கினார், மேளம் தொடங்கியது. எட்டு நிமிடம் கையில் இருக்கிறது. ஓட்டம் பிடித்தார்.

இங்கேதான் தப்பு நடந்தது. இந்தப் பெரிய தட்டுகளில் சில மெதுவாகச் சுற்ற வேண்டியவை, சில வேகமாக. ஒவ்வொரு முறையும் ஒரு பொத்தானை மாற்ற வேண்டும். முந்தைய தட்டு மெதுவான ரகம், இது வேகமான ரகம். முப்பது வருட அனுபவசாலி பொத்தானை மாற்ற மறந்துவிட்டார். உடனே தெரிந்திருக்குமே என்றால், தெரியாது. தொடக்கத்தில் வெறும் மேளம்தானே? மெதுவான மேளமும் மேளம்தான். தப்பு நடந்ததைக் காட்டிக்கொடுக்க ஒரு குரல் வர வேண்டும். அது வருவதற்குள் அவர் மூன்று மாடி இறங்கியிருந்தார்.

5

(இந்தப் பகுதியில் மேளம் மட்டும்.)

டும். டும். டும். டும்.

6

டாக்டர் மாஸ்க் போட்டுக்கொண்டு கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன சார், இந்த நேரத்துல? நிகழ்ச்சி ஓடுதே?”

“ஆமா. பாட்டு போட்டுட்டு வந்தேன்.”

“வலிக்குதா?”

“வந்து…”

“உக்காருங்க. வாயைத் திறங்க.”

திறந்தார். டாக்டரிடம் வாயைத் திறந்து அவருக்கு நல்ல பழக்கம் உண்டு, பேசித்தான் பழக்கமில்லை. அப்போது வெளியே ரேடியோவில் பாடகி வந்தாள். வந்தவள் பாடகியாக இல்லை. ஜலதோஷம் பிடித்த பெரியப்பா ஒருவர் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது.

“சார், இது பொம்பள பாடுற பாட்டாச்சே?”

அறிவிப்பாளருக்கு உயிர் பாதி போய்விட்டது. “ஐயையோ. வேகம் மாத்தல டாக்டர். மறந்துட்டேன்.”

“போய் மாத்துங்க.”

“போனா திரும்பி வர முடியாது. இதைக் கேட்டுட்டு மேனேஜர் இப்ப என் ரூம் வாசல்லயே வந்து நிப்பார்.”

“போகலன்னா?”

“வேலை இருக்காது.”

சட்டைப்பையில் கைபேசி அலறியது. மேலாளர்தான்.

7

இந்த இடத்தில் நான் நான்கு நாள் மாட்டிக்கொண்டேன். சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவர் மேலே ஓடிப் பொத்தானை மாற்றுகிறார். வேலை பிழைக்கிறது. நான்கு மணிக்கு இறங்கி வந்தால் அறை காலி, தரையில் பஞ்சு ஒரு துண்டு. (எழுதிவிட்டு நானே மூக்கைச் சிந்தினேன். கிழித்துப் போட்டேன்.)

அவர் மேலே ஓடி, மைக்கில் ஊரறியத் தன் காதலைச் சொல்கிறார். வேன் நிற்கிறது, டாக்டர் திரும்பிப் பார்த்து— (எனக்கே கூசுகிறது.)

புது ரீமிக்ஸ் பிரமாதம் என்று நேயர்கள் போன்மேல் போன் போடுகிறார்கள். மேலாளர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். (அந்த மேலாளரை உருவாக்கியவன் நான். அவர் பெற்ற பிள்ளையைக்கூடக் கை குலுக்கித்தான் வாழ்த்துவார்.)

நான்காவதாக ஒன்றை எழுத உட்கார்ந்தபோது டாக்டர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“மூணு முடிவு எழுதுனீங்க. மூணுலயும் நான் ஒரு வார்த்தை பேசல. கவனிச்சீங்களா?”

“நீங்க மாஸ்க் போட்டிருந்தீங்க டாக்டர்.”

“போட்டுவிட்டது யாரு?”

என் தப்புதான். இருபத்துநான்கு வருடத்தை ஒருவர் தலையில் கட்டினேன், இன்னொருவர் வாயை மூடினேன். பொத்தானை மறந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சரி டாக்டர், கழற்றிவிடுங்கள்.

8

டாக்டர் மாஸ்க்கைக் கழற்றினார். ஆறு மாதத்தில் இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை முழுசாக அறிவிப்பாளர் பார்ப்பது இதுதான் முதல் முறை. கைபேசி அலறிக்கொண்டே இருந்தது.

“உங்க பல்லுல ஒண்ணுமே இல்ல சார்.”

“தெரியும்.”

“முதல் வாரத்துலயே ஒண்ணும் இல்ல.”

“தெரியும் டாக்டர்.”

“எனக்கும் தெரியும்.”

அறிவிப்பாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தெரிஞ்சுமா ஒவ்வொரு வாரமும் நேரம் குடுத்தீங்க?”

“குடுத்தேன்.”

அறிவிப்பாளர் கைபேசியை எடுத்தார். அணைத்தார். கருவித் தட்டில் வைத்தார்.

“அவ்ளோ தூரம் ஓடி வந்திருக்கீங்க. பல்லைத் தவிர வேற ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க” என்றார் டாக்டர். “ரேடியோல பேசுற மாதிரி வேண்டாம். அதை நான் தினமும் கேக்குறேன்.”

9

கணக்குப் பார்த்தேன். சரியான வேகத்தில் ஓடியிருந்தால் பாட்டு முடிய இன்னும் இரண்டே நிமிடம்தான் இருந்திருக்கும். தப்பான வேகத்தில் ஐந்து நிமிடம் இருக்கிறது. பெரியப்பா இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்.

அறிவிப்பாளர் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார். “டாக்டர், நான்…” என்கிறார். நிற்கிறார். மறுபடி “நான்…” என்கிறார்.

ஏன் இழுக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாம் இருக்கிறோம். நான் எழுதுகிறேன், நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். கேட்க ஒரு கூட்டம் இருக்கும்வரை அவர் அறிவிப்பாளர்தான். இந்த ஒரு விஷயத்தை அறிவிப்பாளர் சொல்லக் கூடாது.

ஆகவே நான் பேனாவை மூடிக்கொண்டு கிளம்புகிறேன். நீங்களும் எழுந்திருங்கள். என்ன சொன்னார், டாக்டர் என்ன பதில் சொன்னார், மேலே வேலை மிஞ்சியதா என்பதையெல்லாம் படியிறங்கும்போது உங்கள் மனசுக்குத் தோன்றியபடி முடித்துக்கொள்ளுங்கள். கடைசியாக வருகிறவர் கதவைச் சாத்திவிட்டு வரவும். சத்தம் போடாமல்.