மரண சகாய சங்கத்தின் பொருளாதாரச் சீர்திருத்தம்

1

இது கதையாக இருந்திருக்கவே வேண்டியதில்லை. மலேசியாவின் ஈப்போ நகரில் ஆண்டுமலர் போடும் நண்பர் சிவானந்தன் என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. தலைப்பும் அவரே தந்தார்: 'மக்களைக் கவரும் தலைவர்களும் அதிரடிச் சீர்திருத்தங்களும் நொடித்த நாடுகளை நிமிர்த்துமா?'

உலகப் பொருளாதார வரலாற்றை உற்று நோக்குங்கால்

(நோக்கினேன். ஒன்றும் தெரியவில்லை.)

தென்னமெரிக்கா தொடங்கித் தெற்காசியா வரை

(தென்னமெரிக்காவில் எனக்கு யாரையும் தெரியாது.)

பின்னால் நின்று படித்த என் மனைவி சரளா, "எதுக்கு அவ்ளோ தூரம் போறீங்க? நம்ம சங்கத்த எழுதுங்கலா" என்றாள். (எங்கள் ஊரில் பேச்சு 'லா'வில்தான் முடியும்.)

2

சிம்பாங் பூலாய்க்குப் பக்கத்தில் முன்பு ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது எங்கள் தாமான், அதாவது வீடமைப்புக் குடியிருப்பு, இருக்கிறது. தோட்டம் போய்விட்டது, மரண சகாய சங்கம் போகவில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கூடாரம், நாற்காலி, தேத்தண்ணி, சாப்பாடு, உதவித்தொகை எல்லாம் சங்கம் தரும். தர வேண்டும். தலைவர் அர்ச்சுனன் காலத்தில் கூடாரம் உடனே வரும், சாப்பாடு பிரமாதமாக வரும், உதவித்தொகை மட்டும் கருமாதி முடிந்தும் வராது. செயற்குழு குளுகுளு கேமரன் மலைக்கு 'ஆய்வுக் கூட்டம்' போயிருக்கும். சங்கம் போண்டியாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஜெலாப்பாங்கில் பழைய மோட்டார் சைக்கிள் விற்கும் தர்மேந்திரன், செம்பனைக் குலை வெட்டும் நீளமான அரிவாளோடு ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தான்.

"அண்ணே, அக்கா! தடவிக் குடுத்தா சரிப்படாதுலா. வெட்டணும்!"

தூக்கிக் காட்டினான். அரிவாள் மேலே சுற்றிய காற்றாடியில் பட்டது. காற்றாடி நின்றது. கைதட்டல் நிற்கவில்லை. வேர்த்து வடிய வடிய அவனைத் தலைவராக்கினோம்.*

* காற்றாடி எதன் குறியீடு என்று கேட்காதீர்கள். அது காற்றாடிதான். இன்னும் பழுது பார்க்கவில்லை.

3

கேமரன் பயணத்தை வெட்டினான். கூடாரத்தையும் நாற்காலிகளையும் தாப்பாவில் ஒரு தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், விற்றான். "எழவு வீட்டுக்கு அழ வாரீங்களா, திங்க வாரீங்களா?" என்று கேட்டுச் சாப்பாட்டையும் வெட்டினான். சாவு வீட்டுக்கு உதவித்தொகை அன்றைக்கே போனது. சங்கம் மூச்சுவிட ஆரம்பித்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன்.

வெட்டியதில் ஒரு வேலையும் போனது. இழவு வீடுகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தவள் குமுதா. முதல் பிரதியில் இப்படி எழுதினேன்: 'அடுப்பங்கரையில் அமர்ந்து குமுதா குமுறிக் குமுறி…'

சந்தேகம் வந்து அவளுக்கே போன் போட்டேன்.

"நான் எங்கண்ணே அழுதேன்? எங்க வீட்டுக்காரர் செத்தப்ப சங்கத்துக் காசுக்கு அர்ச்சுனண்ணே வாசல்ல நடையா நடந்தேன். தர்மேந்திரனுக்கு மொத ஓட்டு என்னுதுதான்."

"அப்ப வேலை போனதுல கோவமே இல்லியா?"

"ஏன் இல்ல? கண்ணுல பட்டா ஏசுவேன். அதுக்காக அவரு செஞ்சது எல்லாமே தப்புன்னு எழுதிடாதீங்க."

கதாபாத்திரங்கள் இப்படி இருந்தால் கட்டுரையாளன் எப்படிப் பிழைப்பான்?

4

அர்ச்சுனனின் அம்மா இருளாயி இறந்த அன்று அடைமழை. கூடாரம் இல்லை. வந்தவர்கள் அக்கம்பக்கத்துக் கார்க் கொட்டகைகளில் ஒதுங்கினார்கள். மதியமே தர்மேந்திரன் வந்து உதவித்தொகையை நீட்டினான். அர்ச்சுனன் வாங்கிப் பார்த்தார்.

"காசு வந்துருச்சி தம்பி. இத என்னா பண்றது? அம்மா பெட்டி நனையாம மேல புடிக்கவா?"

நான் தர்மேந்திரனை அந்த இடத்தில் வில்லனாக்கியிருக்கலாம். ஆனால் அவன் தாப்பாவுக்குப் போன் செய்து வாடகைக்குக் கூடாரம் கேட்டான். வந்து இறங்கியது. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் எங்கள் சங்கத்தின் பெயர்.

காற்று தூக்கியபோது கூடாரத்தின் ஒரு காலை அர்ச்சுனனும் எதிர்க்காலைத் தர்மேந்திரனும் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தர்மேந்திரனுக்கு உதடு நடுங்கியது. குளிர் என்று எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன்.

யாரும் கூப்பிடாமலே குமுதா ஒரு பெரிய பானைத் தேத்தண்ணியோடு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத் தர்மேந்திரனிடம் நின்றாள்.

"ஒங்களுக்குச் சீனி போடவா, வெட்டிரவா?"

சாவு வீடு சிரித்தது. அர்ச்சுனனும்தான், சிரித்து முடித்ததும் அழுதார்.

5

இன்று மறுபடியும் ஆண்டுக் கூட்டம், தலைவர் தேர்தல். இந்த வரியை மண்டபத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அர்ச்சுனன் சாப்பாடு, கூடாரம், நாற்காலி எல்லாம் திரும்பி வரும் என்கிறார். கேமரன் பற்றிப் பேச்சில்லை. தர்மேந்திரன் இன்னும் ஒரே வருஷம் பொறுக்கச் சொல்கிறான். போன வருஷமும் அதையேதான் சொன்னான்.

குமுதா எழுந்தாள். "அர்ச்சுனண்ணே, காசு அன்னிக்கே வருமா? தர்மேந்திரன் தம்பி, மழைக்குக் கூடாரம் வருமா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

இருவரும் நீண்ட உரை ஆற்றினார்கள்.

(முடிவு அ: குமுதாவே தலைவியாகிறாள். அவளிடம் கேட்டேன். "வேற வேல இல்லியாண்ணே?" என்றாள்.

முடிவு ஆ: இருவரும் கைகோத்து

வேண்டாம். இந்த மண்டபத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.)

ஓட்டுப் பெட்டிக்குப் போகிற வழியில் அர்ச்சுனன், "நமக்குத்தானே குமுதா?" என்றார். "ஆமாண்ணே." நாலடி தள்ளித் தர்மேந்திரன், "நமக்குத்தானேக்கா?" என்றான். "ஆமா தம்பி." அவர்கள் இருவர் முகத்திலும் அப்படியொரு வெளிச்சம்.

எண்ணுகிறார்கள். இரண்டு பக்கமும் சமம். மடித்தபடி ஒரே ஒரு சீட்டு மிச்சம். சிவானந்தன் போனில், "நிமிர்த்துமா, நிமிர்த்தாதா? அச்சகத்துல காத்திருக்காங்க" என்கிறார். செயலாளர் தன் கண்ணாடியைத் தேடுகிறார்; காணோம். என் கண்ணாடியை நான் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

நீங்கள்தான் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பிரித்துச் சத்தமாகப் படியுங்கள்லா.